பைத்தான் நிரல் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது? கடைக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு, அறிகுறி வாரியாக

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் எடுக்கும் கடை, மார்த்தாண்டத்தில் வாழைக்குலை மண்டி, தோவாளையில் பூ வியாபாரம், குளச்சலில் மீன் ஏலம் என்று நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்தக் கடையை எடுத்தாலும், வீட்டில் பிசிஏ முடித்த பிள்ளை ஒன்று பைத்தானில் சின்னதாய் ஒரு கணக்கு நிரல் எழுதி வைத்திருக்கும். அது நின்றுபோனால் எனக்கு ஃபோன் வரும். கேள்விகள் பெரும்பாலும் ஒரே பத்துப் பன்னிரண்டுதான். அவற்றை இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில், தலைவலி பிடித்தது கடைசியில்.

விண்டோஸ் கணினி, பைத்தான் 3, எக்செல்லில் இருந்து எடுத்த சிஎஸ்வி கோப்பு (கமாவால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) என்று வைத்துக்கொள்கிறேன். மாதிரி வரிகளில் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரே வைத்திருக்கிறேன், பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. சிவப்பாக எரர் வந்தால் கடைசி வரியை முதலில் படியுங்கள். அதில்தான் எரரின் பெயர் இருக்கும். அதற்கு மேலே உங்கள் கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். ஃபோனில் "என்னமோ எரர் அண்ணே" என்று சொன்னால் நான் என்ன செய்ய?

## நிரல் தொடங்கவே மாட்டேன் என்கிறது

பைத்தான் என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது. கணினியில் பைத்தான் இல்லை, அல்லது இருந்தும் விண்டோஸுக்கு இடம் தெரியவில்லை. கமாண்ட் பிராம்ப்டில் 'பைத்தான்' என்பதற்குப் பதில் வெறும் 'பை' (பி, ஒய் இரண்டு எழுத்து) தட்டிப் பாருங்கள். அது ஓடினால் பைத்தான் இருக்கிறது, பாதை மட்டும் சேரவில்லை. இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி, 'பாத்'தில் சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். அப்புறமும் ஸ்டோர்தான் திறக்கிறது என்றால் செட்டிங்ஸில் 'ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியாஸ்' என்று தேடி, பைத்தான் என்று இருக்கிற இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர். மாட்யூல் என்றால் நிரல் கூப்பிடுகிற துணை நிரல், பிப் அதை இறக்கித் தரும் கருவி. "பிப் போட்டு இன்ஸ்டால் பண்ணியாச்சு, ஆனாலும் இல்லைங்குது" என்பார்கள். முதலில் உங்கள் கோப்பின் பெயரைப் பாருங்கள். ராண்டம், சிஎஸ்வி, பாண்டாஸ் என்று மாட்யூலின் பெயரையே உங்கள் நிரலுக்கும் வைத்திருந்தால் பைத்தான் உங்கள் கோப்பைத்தான் எடுக்கும், உண்மையான மாட்யூலை எட்டிக்கூடப் பார்க்காது. பெயரை மாற்றினால் தீர்ந்தது. பக்கத்தில் 'பைகேஷ்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் அதையும் அழித்துவிடலாம், தானாக மறுபடி உண்டாகும்.

பெயரில் கோளாறு இல்லையென்றால் கணினியில் இரண்டு பைத்தான் இருக்கும். ஒன்றில் இன்ஸ்டால் செய்துவிட்டு இன்னொன்றில் ஓட்டுகிறீர்கள். 'பை -0' என்று தட்டினால் இருப்பதெல்லாம் பட்டியலாக வரும். விஎஸ் கோட் வைத்திருப்பவர்கள் வலது பக்கம் கீழ் மூலையில் எந்தப் பதிப்பு என்று பார்க்கலாம். இனிமேல் பிப்பைத் தனியாகக் கூப்பிடாதீர்கள். 'பை -எம் பிப் இன்ஸ்டால்' என்றே தட்டினால் எந்தப் பைத்தானில் போய் உட்காருகிறது என்ற குழப்பம் வராது.

சின்டாக்ஸ் எரர், இன்டென்டேஷன் எரர். பாதிக்குப் பாதி வாட்ஸ்அப் வழியாக வந்த நிரல். வாட்ஸ்அப்போ வேர்டோ வழியில் எங்கோ நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும். பார்வைக்கு அழகு, பைத்தானுக்கு அது செல்லாத எழுத்து. எரரில் 'இன்வாலிட் கேரக்டர்' என்று வந்தால் அந்த வரியின் மேற்கோள்களை அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள். வரி முன்னே இடைவெளியில் டேபும் ஸ்பேஸும் கலந்திருந்தாலும் இதே கதைதான். அந்தப் பகுதியின் முன் இடைவெளியை முழுக்க அழித்து, நாலு நாலு ஸ்பேஸாகத் திரும்ப வையுங்கள்.

காட்டுகிற வரியில் ஒரு தப்பும் தெரியவில்லையா? அதற்கு மேல் வரியில் அடைப்புக்குறி மூடாமல் இருக்கும். 3.10 பதிப்பிலிருந்து இதை நேரடியாகவே சொல்லிவிடுகிறது. பழைய பதிப்பு வைத்திருந்தால் புதியதற்கு மாறுவதே மருந்து.

## கோப்பு இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறது

விண்டோஸ் கோப்புப் பெயரின் வாலை மறைத்து வைக்கும். 'கணக்கு.சிஎஸ்வி' என்று நீங்கள் நினைப்பது உண்மையில் 'கணக்கு.சிஎஸ்வி.டிஎக்ஸ்டி' ஆக இருக்கலாம். எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்தால் தெரிந்துவிடும்.

அது சரியாக இருந்தால், நிரல் எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு தேடுகிறது என்று பாருங்கள். நிரலின் முதல் வரியாக ஓஎஸ் மாட்யூலின் கெட்-சிடபிள்யூடி-யைப் பிரிண்ட் செய்தால் போதும். நிரல் இருக்கும் ஃபோல்டரும் அது ஓடும் ஃபோல்டரும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று கட்டாயமில்லை.

முழுப் பாதையையும் எழுதியிருந்தால் பின்சாய்வுக்கோடு காலை வாரும். பைத்தானில் அந்தக் கோட்டுக்குப் பின் 'என்' வந்தால் புது வரி, 'டி' வந்தால் டேப். 'யூசர்ஸ்' ஃபோல்டரின் பெரிய 'யு' வந்தால் 'யூனிகோட் எஸ்கேப்' என்று நிரலே ஓடாது. மேற்கோளுக்கு முன்னால் ஒரு 'ஆர்' எழுத்தைப் போடுங்கள். இல்லாவிட்டால் எல்லாக் கோட்டையும் முன்சாய்வாக மாற்றுங்கள், விண்டோஸ் அதையும் ஏற்றுக்கொள்ளும்.

பெர்மிஷன் எரர் 13. பெரும்பாலும் அதே கோப்பு எக்செல்லில் திறந்து கிடக்கும். முதலில் அதை மூடுங்கள்.

கோப்பு திறக்கிறது, ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை. ஓபன் அழைப்பில் 'டபிள்யூ' போட்டிருக்கிறீர்களா பாருங்கள். டபிள்யூ என்றால் திறந்த நொடியே பழையதெல்லாம் காலி, நீங்கள் ஒரு வரி எழுதாவிட்டாலும். கடைசியில் சேர்ப்பதற்கு 'ஏ'. கோப்பு ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ இருந்தால் பழைய பதிப்பை மீட்கலாம், வெர்ஷன் ஹிஸ்டரியில் தேடுங்கள். இரண்டிலும் இல்லை, நகலும் இல்லை என்றால் அந்தக் கணினியில் இனி எதையும் சேமிக்காமல் அணைத்துவிட்டு, டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொண்டுபோங்கள். இணையத்தில் கிடைத்த இலவச மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்கிப் பார்ப்பது மிச்சமிருப்பதையும் அழித்துவிடும்.

## தமிழ் உடைந்து வருகிறது

அதிகம் ஃபோன் வருவது இதற்குத்தான். உடைந்த விதத்தை நன்றாகப் பாருங்கள், அதிலேயே காரணம் இருக்கிறது.

யூனிகோட் டீகோட் எரர், 'சார்மேப்' என்றும் 0எக்ஸ்8டி என்றும் வருகிறது. கோப்பு நன்றாக இருக்கிறது. பைத்தான் அதைத் தப்பான முறையில் வாசிக்கிறது. விண்டோஸில் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் பைத்தான் சிபி1252 என்ற பழைய ஐரோப்பியக் குறியேற்றத்தில் (எழுத்தை எண்ணாக வைக்கும் முறை) திறக்கும். தமிழுக்கும் இடமுள்ள குறியேற்றமான யூடிஎஃப்-8-இல் நம் புள்ளியின் கடைசி பைட் 8டி. சிபி1252-இல் அந்த எண்ணுக்கு எழுத்தே கிடையாது. அதனால்தான் 'தோவாளை' மட்டும் இருக்கிற கோப்பு எரர் இல்லாமல் குப்பையாகத் திறக்கும், 'தக்கலை' சேர்ந்தவுடன் நிரல் விழுந்துவிடும். நேற்று வரை ஓடியது, இன்று புது ஊர் சேர்த்ததும் நின்றுவிட்டது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை.

தீர்வு ஒரே ஒரு வார்த்தை. ஓபன் அழைப்பில் என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். வாசிக்கும் இடம், எழுதும் இடம் இரண்டிலும். பைத்தான் 3.15-இலிருந்து யூடிஎஃப்-8-தான் இயல்பு என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள், கடையில் இருக்கிற கணினியில் எந்தப் பதிப்பு கிடக்கிறதோ.

தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வருகின்றன. அதே நோய்தான், எரர் மட்டும் வரவில்லை. மேலே சொன்ன மருந்தே போதும். நிரலில் சரியாகத் தெரிந்து, எக்செல்லில் திறந்தால் மட்டும் இப்படி வருகிறது என்றால், எழுதும்போது யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். கோப்பின் தலையில் அது வைக்கிற அடையாளத்தைப் பார்த்தால் எக்செல் புரிந்துகொள்ளும். இப்படி உடைந்து தெரியும்போது எக்செல்லில் சேவ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

எல்லாம் கேள்விக்குறி. இது கெட்ட சேதி. எக்செல்லில் வெறும் 'சிஎஸ்வி' என்று சேமித்திருக்கிறீர்கள். தமிழ் எழுத்துக்கு இடமில்லாத குறியேற்றம் என்பதால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டது. நிரலால் இதைத் திருப்ப முடியாது, யாராலும் முடியாது. மூல எக்செல் கோப்பைத் தேடுங்கள். சேவ் ஆஸ் பட்டியலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தனியாக ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள்.

கட்டம் கட்டமாக வருகிறது. கமாண்ட் பிராம்ப்டின் எழுத்துருவில் தமிழ் இல்லை, அவ்வளவுதான். விவரம் கெடவில்லை. விஎஸ் கோடிலோ நோட்பேடிலோ திறந்து பாருங்கள்.

பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல், நடுநடுவே அரைப்புள்ளி. பழைய பிரஸ்ஸிலோ டிடிபி கடையிலோ பாமினி எழுத்துருவில் அடித்தது. அது தமிழே அல்ல, ஆங்கிலத்துக்குத் தமிழ் வேடம். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் யூனிகோடாக மாற்றித் தரும். ஒரே நெடுவரிசையில் பாமினியும் யூனிகோடும் கலந்து கிடந்தால், டிடிபி வேலையில் பழக்கம் உள்ளவரிடம் கொடுப்பது மலிவு.

## பெயர் கண்ணுக்குத் தெரிகிறது, நிரலுக்குத் தெரியவில்லை

ஒரே ஊர் அறிக்கையில் இரண்டு முறை வருகிறது. தேடினால் "இல்லை" என்கிறது. கீ எரர் (கேட்ட பெயர் கிடைக்கவில்லை என்பது) வருகிறது. இவற்றில் நிரலைத் திருத்த ஆரம்பிக்காதீர்கள். விவரத்தைப் பாருங்கள்.

முதல் தலைப்புக்கு மட்டும் கீ எரர், மற்றதெல்லாம் சரி. எக்செல் கோப்பின் தலையில் வைத்த அந்தக் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் முதல் தலைப்போடு ஒட்டிக்கொண்டது. வாசிக்கும்போதும் யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் உதிர்ந்துவிடும்.

சில பெயர்கள் மட்டும். பின்னால் ஒரு ஸ்பேஸ் தொங்கும். ஸ்ட்ரிப் போட்டுப் பாருங்கள். போகவில்லை என்றால் அந்தப் பெயரை ஆஸ்கி என்ற அழைப்புக்குள் வைத்துப் பிரிண்ட் செய்யுங்கள். ஒவ்வொரு எழுத்தும் எண்ணாக வெளியே வரும். 200பி, 200சி என்று தெரிந்தால் அவை அகலமே இல்லாத குறிகள், ஒட்டி நகலெடுக்கும்போது வந்தவை. ஸ்ட்ரிப்புக்கு அவை இடைவெளியே அல்ல, ரீப்ளேஸ் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கோ, கொ, தோ வருகிற ஊர்கள். நாகர்கோவில், கொல்லங்கோடு, கோட்டாறு, தோவாளை. நம்ம மாவட்டத்துக்கென்றே வைத்த கோளாறு என்று தோன்றும். 'கோ'வின் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம் (0பிசிபி), இரட்டைச்சுழிக் கொம்பு, கால் என்று இரண்டு துண்டாகவும் எழுதலாம் (0பிசி7, 0பிபிஇ). திரையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் நாகர்கோவிலின் நீளத்தை லென் போட்டுக் கேட்டால் ஒன்றில் 11, மற்றதில் 12. கன்வெர்ட்டர் வழியாக வந்தது, பிடிஎஃப்பிலிருந்து எடுத்தது, சில கீபோர்டில் அடித்தது எல்லாம் கலக்கும்போது இப்படி ஆகும்.

யூனிகோட்-டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் இருக்கிறது. 'என்எஃப்சி' என்று கொடுத்தால் துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கும். கோப்பிலிருந்து வாசித்த இடத்திலேயே எல்லாப் பெயரையும் இதன் வழியாக அனுப்பிவிடுங்கள். பத்து இடத்தில் ஒப்பிடும்போது பத்து முறை செய்ய வேண்டியதில்லை.

நார்மலைஸ் செய்தும் சேரவில்லை. ஸ்ரீகுமார், ஸ்ரீஜா மாதிரிப் பெயர்களைப் பாருங்கள். ஸ்ரீயை 'ஸ'வில் தொடங்கியும் எழுதலாம், 'ஶ'வில் தொடங்கியும் எழுதலாம், என்எஃப்சி இதைச் சேர்த்து வைக்காது. மௌனத்தின் கொம்பு-ளவுக்குப் பதில் உண்மையான 'ள' எழுத்தை அடித்தவர்கள், காலுக்குப் பதில் 'ர' அடித்தவர்கள் இன்னொரு கூட்டம். இதற்கு நிரல் இல்லை, கண்தான். மொத்தப் பெயர்களை செட்டில் போட்டு வரிசையாகப் பிரிண்ட் செய்து, பென்சிலோடு உட்காருங்கள். நீண்ட காலத்துக்கு ஒரு வழி சொல்கிறேன்: ஆளுக்கு ஒரு எண் கொடுத்துவிடுங்கள், பெயரால் தேடவே வேண்டாம்.

## மொத்தம் தப்பாக வருகிறது

கூட்டினால் ஒட்டிக்கொள்கிறது.

எடை = "12"
கூடுதல் = "5"
எடை + கூடுதல் என்றால் 17 அல்ல, 125.

சிஎஸ்வியிலிருந்து வருவது எல்லாமே எழுத்துத்தான். இன்ட் அல்லது ஃப்ளோட் போட்டு எண்ணாக்குங்கள். பெரிய விலை எது என்று கேட்டால் 100-ஐ விட்டுவிட்டு 9 என்று சொன்னாலும் இதுதான் காரணம்.

வேல்யூ எரர். எண்ணாக்கப் போன இடத்தில் எண் இல்லை. மேற்கோளுக்குள் என்ன இருக்கிறது என்று எரரே காட்டும். '1,20,000' என்று கமா, '12 கிலோ' என்று வால், வெற்றுக் கட்டம், ஷீட்டின் எடை 12.5 என்றிருக்க இன்ட் போட்டது. கமாவை ரீப்ளேஸ் செய்யுங்கள், பின்னத்துக்கு ஃப்ளோட். வேடிக்கை என்னவென்றால் தாத்தா காலத்துச் சிட்டையைப் பார்த்து ௧௨ என்று தமிழ் எண்ணிலேயே அடித்திருந்தாலும் இன்ட் அதை 12 என்று சரியாக எடுத்துக்கொள்ளும். கமாவுக்குத்தான் அதற்கு ஆகாது.

பைசாக் கணக்கில் இடறுகிறது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். இது உங்கள் தப்பில்லை, ஃப்ளோட்டின் குணம். ரவுண்டும் நம் வழக்கப்படி நடக்காது: 112.5 என்றால் 112, 113.5 என்றால் 114, சரிபாதி வந்தால் இரட்டை எண் பக்கம் சாயும். ரப்பர் பாலுக்கு டிஆர்சி (பாலில் உள்ள உலர் ரப்பர்) சதவீதம் போட்டு விலை கணக்கிடுகிற இடத்தில் ஐம்பது பைசா வித்தியாசம் வந்தால், பால் கொண்டுவந்தவர் சும்மா விடுவாரா? தொகையைப் பைசாவாக மாற்றி முழு எண்ணில் வையுங்கள், அல்லது டெசிமல் மாட்யூலை எழுத்துச் சரத்திலிருந்து தொடங்கி, ரவுண்ட்-ஹாஃப்-அப் என்று சொல்லிப் பயன்படுத்துங்கள்.

வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிட்டது. எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் பிடிக்காது. 16 இலக்க எண்ணைத் திறந்து சேமித்தால் கடைசி இலக்கம் போச்சு, பாஸ்புக்கைப் பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டியதுதான். அந்த நெடுவரிசையை முன்கூட்டியே டெக்ஸ்ட் என்று வையுங்கள்.

இந்தப் பகுதியில் எங்கே நிறுத்துவது என்றால், தப்பான மொத்தத்தை வைத்து ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தாலோ ஜிஎஸ்டி தாக்கல் செய்திருந்தாலோ, நிரலைத் தொடாமல் அப்படியே நகலெடுத்து வைத்துவிட்டு ஆடிட்டரைக் கூப்பிடுங்கள். திருத்திய நிரலை ஓட்டிப் பழைய மாதங்களை மாற்றி எழுதினால் எது கொடுத்தது, எது கொடுக்க வேண்டியது என்ற தடமே போய்விடும்.

## சில வரிகள் விட்டுப்போகின்றன, சில வரிகள் கூடுதலாக வருகின்றன

கடைசி ஒன்று மட்டும் இல்லையென்றால் ரேஞ்சைப் பாருங்கள். 1 முதல் 10 என்று கொடுத்தால் 9-இல் நிற்கும். ஒன்றுவிட்டு ஒன்று காணவில்லையென்றால் ஃபார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே பட்டியலிலிருந்து நீக்குகிறீர்கள். வைத்துக்கொள்ள வேண்டியதைப் புதுப் பட்டியலில் சேருங்கள். எழுதிய கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் நடுவே வெற்று வரி வந்தால் ஓபனில் நியூலைன் என்பதற்கு வெற்று மேற்கோள் கொடுக்க மறந்தது. ஒரு பட்டியலை மாற்றினால் இன்னொன்றும் மாறுகிறது என்றால் '=' நகலெடுக்காது, ஒரே பட்டியலுக்கு இரண்டாவது பெயர்தான் வைக்கும். காப்பி போடுங்கள்.

## அகர வரிசை சரியில்லை

சார்ட்டெட் யூனிகோட் எண் வரிசையில் அடுக்கும். அந்த வரிசையில் ர-வுக்கு அடுத்து ற, அப்புறம்தான் ல. அதனால் இரணியல், இறச்சகுளம், இலவுவிளை என்று வரும். அகராதிப்படி இலவுவிளைக்குப் பின்னால்தான் இறச்சகுளம். எழுத்தை எண்ணினாலும் இப்படித்தான், 'தமிழ்' என்பதற்கு லென் 5 என்று சொல்லும். ஓபன்-தமிழ் என்ற இலவசத் தொகுப்பில் எழுத்தாகப் பிரிக்கவும் அகர வரிசையில் ஒப்பிடவும் வசதி இருக்கிறது. கடைக் கணக்குக்கு இது அவசியமில்லை. வாக்காளர் பட்டியல் மாதிரி அச்சடித்துக் கொடுப்பதென்றால் செய்யுங்கள்.

## இரண்டு பேர் எழுதினால் ஒருவர் கணக்கு காணாமல் போகிறது

திங்கள்சந்தையில் ஒரு கடை, அழகியமண்டபத்தில் கிளை, இரண்டிலிருந்தும் ஒரே சிஎஸ்வியில் எழுதுகிறார்கள். யார் கடைசியில் சேமிக்கிறாரோ அவர் கணக்கு நிற்கும், மற்றவருடையது போகும். இதற்கு எளிய திருத்தம் கிடையாது. 'காத்திருந்து மறுபடி எழுது' என்று நிரலில் ஒட்டுப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வியாபாரம் சூடான நாளில் அது பிய்ந்துவிடும். ஒரே கணினி என்றால் பைத்தானோடு வருகிற எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் போதும், நீங்களே மாற்றலாம். இரண்டு ஊர் என்றால் சர்வரில் ஓடும் டேட்டாபேஸ் வேண்டும். அதை வேலையாகச் செய்கிற ஒருவரைப் பிடித்து, கூலி பேசிக் கொடுங்கள்.

அவரிடம் போகும்போது எரரின் முழு எழுத்தையும் நகலெடுத்துக் கொண்டுபோங்கள், திரையை ஃபோனில் பிடித்த மங்கலான படம் வேண்டாம். கோளாறு வருகிற ஐந்தாறு வரிகள் கொண்ட ஒரு சிறிய சிஎஸ்வியும் போதும். ஆதார் எண், வங்கிக் கணக்கு உள்ள முழுக் கோப்பை அனுப்பாதீர்கள். எந்தப் பதிப்புப் பைத்தான், கடைசியாக ஒழுங்காக ஓடியது எப்போது, அதற்கப்புறம் என்ன மாற்றினீர்கள், இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.